ஒற்றைக்கண் அரக்கனும் ஒற்றைக்கொம்பும்: வாசகர் கேள்வி – பதில்

கிரேக்கப் புராணக் கதைகளை வைத்துப் பிள்ளைகளுக்கு வாசிப்பையும் வரலாற்றையும் சொல்லிக்கொடுப்பது பற்றிச் செட்டிநாட்டு வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது, ஆங்கில வழியில் மூன்றாம் வகுப்பு. தமிழ் எழுத்து எல்லாம் தெரியும். ஆனால் ஒரு வரியைச் சேர்த்து வாசிக்கத் திணறுகிறான். வீடியோவில் பார்த்த கிரேக்க அரக்கர்களைப் பற்றியே நாள் முழுக்கப் பேசுகிறான். அதை வைத்துத் தமிழ் வாசிக்கப் பழக்க முடியுமா? எந்தக் கதையில் தொடங்குவது?
— ஒரு அம்மா, காரைக்குடி

பதில்: முடியும். ஆனால் புத்தகத்தின் முதல் பக்கத்தில் தொடங்காதீர்கள். பெரும்பாலான தொகுப்புகள் உலகம் தோன்றிய கதை, டைட்டன்கள், தேவர்களின் வம்சாவளி என்று ஆரம்பிக்கும். பத்து வரிக்குள் பதினைந்து பெயர் வந்துவிடும். வாசிப்பில் தடுமாறும் பிள்ளை அங்கேயே புத்தகத்தை மூடிவிடும்.

ஒடிசியஸ் ஒற்றைக்கண் அரக்கனின் குகையில் மாட்டிக்கொண்ட கதையை எடுங்கள். பெயர் இரண்டே இரண்டு: ஒடிசியஸ், பாலிஃபீமஸ். இடமும் ஒரே குகைதான். ஒடிசியஸும் 12 தோழர்களும் உள்ளே போகிறார்கள். அரக்கன் பாறையால் வாசலை அடைக்கிறான். வேளைக்கு இரண்டு பேராக ஆறு பேரை விழுங்குகிறான். "உன் பேர் என்ன?" என்று கேட்டவனிடம் ஒடிசியஸ், "யாருமில்லை" என்கிறான். கண்ணில் கழி பாய்ந்து அரக்கன் அலறும்போது வெளியே இருக்கும் மற்ற அரக்கர்கள், "உன்னைக் கொல்றது யாரு?" என்று கேட்கிறார்கள். "யாருமில்லை!" என்று கத்துகிறான். அவர்கள் போய்விடுகிறார்கள். கிரேக்க மொழியில் இருக்கும் இந்தச் சொல்விளையாட்டு தமிழில் ஒரு எழுத்துகூடப் பிசகாமல் உட்கார்ந்துகொள்கிறது. அந்த ஒரு சொல்லை வாசிப்பதற்காகவே பிள்ளை பக்கத்தைத் திருப்பும்.

முதல் நாள் புத்தகமே வேண்டாம். வீட்டில் பேசும் தமிழில் பத்து நிமிடம் கதை சொல்லி, பாறை வாசலை அடைத்த இடத்தில் நிறுத்துங்கள். மீதி மறுநாள் காகிதத்தில் வரும். வீடியோவில் முழுக் கதையையும் ஏற்கெனவே பார்த்துவிட்டான் என்றால் வேறு கதை எடுங்கள். முடிவு தெரிந்த கதையை எழுத்துக்கூட்டி வாசிக்க அவனுக்குக் காரணம் இல்லை.

இரண்டாம் நாள், கோடு போட்ட நோட்டில் நீங்களே 40 முதல் 60 சொல்லுக்குள் ஒரு பக்கம் எழுதுங்கள். இந்த அளவு போதும்: "ஒடிசியஸ் குகைக்குள் போனான். குகை இருட்டாக இருந்தது. உள்ளே பால் இருந்தது. ஆள் இல்லை. 'யார் வீடு இது?' என்று கேட்டான். அப்போது தரை அதிர்ந்தது. ஒரு பெரிய கால் உள்ளே வந்தது." வரிக்கு மூன்று நான்கு சொல். ஆங்கிலப் புத்தகத்தை வரிக்கு வரி பெயர்த்து எழுதினால் வாக்கியம் நீண்டு, வினைச்சொல் நான்காவது வரியில் வந்து நிற்கும். அதைப் பெரியவர்களே மூச்சு வாங்கித்தான் வாசிக்க வேண்டியிருக்கும்.

மூன்றாம் நாள் சேர்ந்து வாசியுங்கள். முதலில் நீங்கள், உங்கள் விரல் சொல்லுக்கு அடியில் நகர வேண்டும். அடுத்து இருவரும் ஒன்றாக. கடைசியில் அவன் தனியே. தடுமாறினால் மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். அதற்குள் வரவில்லை என்றால் சொல்லைச் சொல்லிவிட்டுத் தொடருங்கள். ஒவ்வொரு சொல்லிலும் நிறுத்தி எழுத்துக்கூட்டச் சொன்னால் வரியின் தொடக்கம் அவனுக்கு மறந்துபோகும். நான்காம் நாளும் அதே பக்கம்தான். முதல் வாசிப்பில் கவனம் முழுக்க எழுத்தில் போய்விடுகிறது, மூன்றாவது நான்காவது முறையில்தான் பொருளுக்கு இடம் கிடைக்கிறது. ஐந்தாம் நாள் அவன் கதையைச் சொல்லட்டும், நீங்கள் அவன் பேச்சை அப்படியே எழுதி அவனிடம் வாசிக்கக் கொடுங்கள். நாளுக்கு 15 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

தமிழுக்கே உரிய இரண்டு சிக்கல்களைக் கவனியுங்கள். ஒன்று, கொம்பு. 'கெ', 'கே', 'கை' மூன்றிலும் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ', 'கோ' வில் எழுத்தின் இருபக்கமும் குறி. எழுத்தைத் தனியாகச் சொல்லத் தெரிந்த பிள்ளை வரியில் திணறுவதற்கு இது பெரிய காரணம். போனான், கேட்டான், கொன்றான், கோல், தோல், செம்மறி என்று இந்தக் கதையில் கொம்பு வைத்த சொற்கள் நிறைய வரும். ஒற்றைக்கொம்புக்குச் சிவப்பு, இரட்டைக்கொம்புக்குப் பச்சை என்று ஒரு வாரம் மட்டும் அவனையே வண்ணமிடச் சொல்லுங்கள். அதற்கு மேல் நீட்டினால் நிறத்தைப் பார்த்து வாசிக்கப் பழகிவிடுவான்.

இரண்டு, சேர்ந்து நீளும் சொல். 'பார்த்துக்கொண்டிருந்தான்' என்பதை முதல் வாரம் 'பார்த்துக் / கொண்டு / இருந்தான்' என்று பென்சில் கோடு போட்டுப் பிரித்துக் கொடுங்கள். அடுத்த வாரம் கோட்டை அழித்துவிடுங்கள். 100 சொல்லில் ஐந்து வரை தவறினால் அந்தப் பக்கம் அவனுக்கு ஏற்றது. பத்தைத் தாண்டினால் இன்னும் எளிதாக்கி எழுத வேண்டும்.

கடகடவென்று ஒப்பிக்கிறான் என்றால் ஒரு சோதனை: கடைசி வரியிலிருந்து மேலே நோக்கி ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுக் கேளுங்கள். காதில் விழுந்ததை மனப்பாடம் செய்திருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

கேள்வி: கம்பன் அடங்கிய நாட்டரசன்கோட்டைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, பேரப்பிள்ளைகளுக்கு அந்நிய நாட்டுத் தேவதைக் கதை எதற்கு? நம்மிடம் இல்லாத கதையா?
— ஒரு ஐயா, தேவகோட்டை

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது ஐயா. இராமாயணமும் பாரதமும் காதில் விழாத பிள்ளைக்குக் கிரேக்கக் கதையை முதலில் கொடுக்கச் சொல்லமாட்டோம். நம் கதை தெரிந்த பிள்ளைக்குத்தான் அது நன்றாகப் பிடிபடும். கர்ணனைப் பெட்டியில் வைத்து ஆற்றில் விட்டார்கள் என்று தெரிந்த பிள்ளையிடம், பெர்சியஸையும் அவன் தாயையும் பெட்டியில் அடைத்துக் கடலில் விட்டார்கள் என்று சொல்லிப் பாருங்கள். மிதிலையில் வில் முறிந்தது தெரிந்தவளுக்கு, ஒடிசியஸ் வில்லை நாணேற்றிப் பன்னிரண்டு கோடரிகளின் ஊடே அம்பு விட்ட இடம் வரும்போது கண் விரியும். அந்த ஒப்பீட்டைச் சொல்ல வீட்டில் பொருத்தமானவர்கள் நீங்களும் அப்பத்தாவும்தான்.

ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒத்திருப்பது காப்பியடித்ததற்குச் சான்று ஆகாது.

நம் பாண்டிய நாடே ஒரு கிரேக்கக் கதைக்குள் இருக்கிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கி.மு. 300 வாக்கில் சந்திரகுப்த மௌரியரிடம் தூதராக வந்தவர் மெகஸ்தனிஸ். அவர் எழுதிய நூல் தொலைந்துவிட்டது. பின்னால் வந்தவர்கள் எடுத்தாண்ட பகுதிகள் மிஞ்சின. அவற்றில், ஹெராக்லிஸ் என்ற கிரேக்க வீரனுக்கு இந்தியாவில் பண்டேயா என்று ஒரு மகள் இருந்ததாகவும், அவள் ஆண்ட நாட்டுக்கும் அவள் பெயரே வந்ததாகவும், தந்தை அவளை அலங்கரிக்கக் கடல் முத்துகளைத் திரட்டியதாகவும் ஒரு கதை. தெற்கே பாண்டியர் என்று ஓர் அரசு, அங்கே முத்து என்ற செய்தி வடக்கே வந்தவரின் காதுக்கு எட்டி, அவர் தமக்குத் தெரிந்த வீரனோடு அதை முடிச்சுப் போட்டிருக்கிறார் என்று இதைப் படிக்கலாம். கதைக்குள் வரலாறு எப்படி ஒட்டிக்கொள்கிறது என்று காட்ட இதைவிடப் பக்கத்து உதாரணம் கிடைக்காது.

கேள்வி: ஆங்கிலப் புத்தகத்தில் இந்தப் பெயர்களை எப்படி உச்சரிப்பது என்று எனக்கே தெரியவில்லை. மகள் கேட்டால் விழிக்கிறேன்.
— ஒரு அப்பா, கானாடுகாத்தான்

பதில்: நான்கு விதி தெரிந்தால் பாதித் தொல்லை போய்விடும். கிரேக்கத்திலிருந்து வந்த சொல்லில் பி-ஹெச் சேர்ந்து வந்தால் 'ஃப': பெர்சிஃபொனி. சி-ஹெச் வந்தால் 'க': அக்கிலிஸ், அராக்னி. தொடக்கத்தில் பி-எஸ் வந்தால் பி-க்கு ஒலி இல்லை: சைக்கி. கடைசியில் வரும் ஈ பெரும்பாலும் ஊமையாக இராது. பெனலோப்பி என்றுதான் முடியும், பெனலோப் என்று அல்ல.

இதனால் பள்ளிப் பாடத்துக்கும் லாபம் உண்டு. ஸ்கூல், கெமிஸ்ட்ரி, எக்கோ, போட்டோ, சைக்காலஜி எல்லாம் அதே விதியில் நடக்கும் சொற்கள். 'எக்கோ' என்பது ஒரு கிரேக்கக் கதையில் வரும் பெண்ணின் பெயர்; பிறர் பேச்சின் கடைசிச் சொல்லை மட்டுமே திருப்பிச் சொல்ல முடியும்படி சபிக்கப்பட்டவள். அந்தக் கதையைக் கேட்ட பிள்ளை எழுத்துப்பிழை இல்லாமல் அந்தச் சொல்லை எழுதும்.

தமிழில் எழுதும்போது ஒரு பெயருக்கு ஒரே எழுத்துமுறை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் ஜீயஸ், மறுபக்கத்தில் சீயஸ் என்று வந்தால் பிள்ளை இரண்டு ஆள் என்று நினைக்கும். ஹெர்குலிஸ் என்பது ரோமானியர் வைத்த வடிவம், ஹெராக்லிஸ் கிரேக்கம். இரண்டும் ஒரே ஆள்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: "ட்ராய் சண்டை நிஜமா நடந்துச்சா?" என்று பதினொரு வயது மகள் கேட்கிறாள். ஆம் என்பதா, இல்லை என்பதா?
— ஒரு அம்மா, திருமயம்

பதில்: ஒரு சொல்லில் பதில் சொல்லாதீர்கள். வரலாற்றுக் கல்வி தொடங்கும் கேள்வியே இதுதான். ஒரு தாளை மூன்று பத்தியாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: கதை சொல்வது, மண் சொல்வது, எழுத்து சொல்வது.

கதைப் பத்தியில்: ஹெலன், பத்தாண்டுப் போர், அக்கிலிஸ், மரக்குதிரை. கிரேக்கக் கவி ஹோமரின் இலியட் காவியம் அந்தப் பத்தாம் ஆண்டின் சில வாரங்களைத்தான் சொல்கிறது. ஹெக்டரின் ஈமச்சடங்கோடு முடிந்துவிடும். மரக்குதிரை அதில் வராது. ஒடிசியில்தான் சுருக்கமாக வருகிறது.

மண் பத்தியில்: துருக்கியில் ஹிசார்லிக் என்ற மேடு. 1870களில் ஹைன்ரிக் ஷ்லீமன் என்ற ஜெர்மானியர் அங்கே தோண்டினார். ஒன்றின்மேல் ஒன்றாக ஒன்பது முக்கிய அடுக்குகளில் ஊர் இருந்திருக்கிறது. கீழிருந்து இரண்டாவதுதான் ட்ராய் என்று நம்பி நடுவே பெரிய பள்ளமாக வெட்டினார். அந்த அடுக்கு, போர் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் முந்தியது. அவர் வாரிக் கொட்டிய மேலடுக்குகளில்தான் பொருத்தமான காலத்து ஊர் இருந்தது. அங்கே கி.மு. 1180 வாக்கில் நெருப்பில் அழிந்த ஓர் அடுக்கும், அம்புமுனைகளும் கிடைத்தன. 1876இல் கிரீஸின் மைசீனியில் அவர் எடுத்த பொன் முகமூடி, ட்ராய் மீது படையெடுத்த அரசனின் பெயரால் 'அகமெம்னானின் முகமூடி' என்று இன்றும் அழைக்கப்படுகிறது. அதுவும் சொல்லப்படும் போருக்கு ஏறக்குறைய 300 ஆண்டு முந்தியது.

எழுத்துப் பத்தியில்: அந்தக் காலத்தில் துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட் மக்களின் களிமண் பலகைகளில் 'விலுசா' என்று ஓர் ஊர். ட்ராயின் இன்னொரு பெயரான இலியோஸோடு ஆய்வாளர் பலர் அதைப் பொருத்துகிறார்கள்.

பத்திகளை நிரப்பியபின் அவளே சொல்வாள்: ஊர் இருந்தது, தீயில் அழிந்தது; ஹெலனுக்கும் குதிரைக்கும் மண்ணில் சான்று இல்லை. அந்த வாக்கியத்தை அவள் வாயால் சொல்ல வைப்பதற்குத்தான் இவ்வளவும்.

ஷ்லீமன் செய்த தவறு கையில் பிடிபட வேண்டுமானால் ஒரு வாளி போதும். பத்து லிட்டர் பிளாஸ்டிக் வாளியில் நான்கு அடுக்கு, ஒவ்வொன்றும் மூன்று விரற்கடை உயரம்: அடியில் ஆற்றுமணல், அதன்மேல் செம்மண், அதன்மேல் அடுப்புச் சாம்பல், மேலே தோட்டத்து மண். மணலில் ஒரு பாசிமணி, செம்மண்ணில் மண்சட்டி ஓடு, சாம்பலில் கரிந்த நெல், மேலே ஒரு பாட்டில் மூடி. ஒவ்வோர் அடுக்கையும் லேசாக நீர் தெளித்து அழுத்தி ஒரு நாள் காயவிடுங்கள். ஈரத்தோடு அடுத்ததைப் போட்டால் கலந்துவிடும். உலர்ந்த மணலை அழுத்தாமல் விட்டால் தோண்டும்போது சரியும். பிள்ளை ஸ்பூனால் ஒரு பாதியை அடுக்கடுக்காக எடுத்து, எது எந்த ஆழத்தில் கிடைத்தது என்று எழுதட்டும். மறுபாதியில் நேராகக் குழி பறித்து அடிக்குப் போகட்டும். பாசிமணி உடனே கிடைத்துவிடும், ஆனால் பாட்டில் மூடியும் அதன் பக்கத்திலேயே விழுந்து கிடக்கும். எது பழையது என்று இனிச் சொல்ல முடியாது. கீழடியில் ஏன் சதுரக் குழியாக, விரற்கடை விரற்கடையாக எடுக்கிறார்கள் என்பதும் அப்போதே விளங்கிவிடும்.

கேள்வி: கி.மு. 1200 பெரிய எண், ஆகவே கி.மு. 700க்குப் பின்னால் வந்தது என்று என் மகன் அடித்துச் சொல்கிறான். எப்படிப் புரியவைப்பது?
— ஒரு அம்மா, கோட்டையூர்

பதில்: ஊருணிக்குக் கூட்டிப்போங்கள். தண்ணீருக்கு மேலே தெரியும் படிகள் கி.பி., மூழ்கியிருப்பவை கி.மு. கீழே இறங்க இறங்க எண்ணிக்கையும் கூடும், ஆழமும் கூடும். பிறகு வீட்டுக்கு வந்து கயிறு கட்டுங்கள்.

ஓர் அடிக்கு 100 ஆண்டு. கி.மு. 1600இல் தொடங்கினால் 36 அடிக்குச் சற்று மேல் வேண்டும். வளவிலோ நீளமான பட்டாலையிலோ தாராளமாகக் கட்டலாம். சிறிய வீடானால் 100 ஆண்டுக்கு 10 செ.மீ. என்று வைத்தால் நான்கு மீட்டருக்குள் அடங்கும். இடது முனையிலிருந்து 16ஆம் அடியில் சிவப்புத் துணி கட்டுங்கள், அதுதான் தண்ணீர் மட்டம். துணி கிளிப்பில் அட்டை மாட்டுங்கள்: ட்ராய் எரிந்தது 4 அடி 2 அங்குலம், ஹோமர் ஏறக்குறைய 9 அடி, கீழடியின் காலக்கணிப்புகளில் ஒன்றான கி.மு. 580, 10 அடி 2 அங்குலம். மாரத்தான் போர் கி.மு. 490, 11 அடி 1 அங்குலம். அலெக்ஸாண்டர் இறந்த கி.மு. 323, 12 அடி 9 அங்குலம். செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் எழுந்த காலம் 34½ அடிக்கும் 35½ அடிக்கும் நடுவே.

ட்ராய்க்கும் ஹோமருக்கும் நடுவே கிட்டத்தட்ட ஐந்து அடி வெறுங்கயிறு இருப்பதைத் தொட்டுக் காட்டுங்கள். நேரில் பார்த்து எழுதியதல்ல, தலைமுறை தலைமுறையாக வாய்ப்பாட்டாக வந்தது என்பது அந்த இடைவெளியிலேயே தெரியும். கணக்குப் போடும்போது சுழியம் ஆண்டு கிடையாது என்பதை மறக்காதீர்கள்: கி.மு. 1 முடிந்ததும் கி.பி. 1. அதனால் கி.மு. 10க்கும் கி.பி. 10க்கும் இடையே 19 ஆண்டுதான்.

கேள்வி: கொலையும் தகாத உறவும் நிறைய இருக்கிறதே. எதை விடுவது?
— ஒரு ஆயா, குன்றக்குடி

பதில்: பத்து வயதுக்குக் கீழே ஒடிசியஸின் பயணம், தீசியஸ், இகாரஸ், மைடாஸ், அராக்னி போதும். ஹெராக்லிஸின் பன்னிரண்டு வேலைகளைச் சொல்லலாம். அவை ஏன் விதிக்கப்பட்டன என்ற காரணம் (புத்தி பேதலித்துத் தன் பிள்ளைகளையே கொன்றது) பிறகு வரட்டும். மெடியா, ஈடிபஸ் கதைகளைப் பதினான்கு பதினைந்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். அரக்கன் மனிதரை விழுங்குவது பெரிய சேதம் செய்யாது, பூதனை கதை கேட்ட பிள்ளைகள்தானே. படுக்கப் போகும் நேரத்தில் மட்டும் வேண்டாம்.

விடுவதைவிட, பின்னால் வந்து ஒட்டியதைத் தெரிந்து சொல்வது முக்கியம். அக்கிலிஸின் குதிகால் கதை ஹோமரிடம் இல்லை. மைடாஸின் மகள் பொன்சிலையாவது 19ஆம் நூற்றாண்டுச் சேர்க்கை. பண்டோராவிடம் இருந்தது பெட்டி அல்ல, ஆளுயரத்துக்கும் இருக்கக்கூடிய மண்தாழி. 16ஆம் நூற்றாண்டில் எராஸ்மஸ் என்ற அறிஞர் லத்தீனில் எழுதியபோது அது பெட்டியாயிற்று. க்ரீட் தீவின் க்னாசஸ் அரண்மனையில் எண்ணெயும் தானியமும் வைத்த அத்தகைய தாழிகள் வரிசையாகக் கிடைத்திருக்கின்றன. படம் வரைந்தால் தாழியாகவே வரையச் சொல்லுங்கள்.

கேள்வி: கிரேக்கர்களுக்கும் நம் பக்கத்துக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே, பிள்ளைகளுக்குக் காட்டும்படி ஏதாவது இருக்கிறதா?
— ஒரு வாசகர், பள்ளத்தூர்

பதில்: 'யவனர்' என்ற சொல்லே அயோனியா என்ற கிரேக்கப் பகுதியின் பெயரிலிருந்து வந்தது, நம் புலவர்கள் மேற்கிலிருந்து கப்பலில் வந்த எல்லாரையும் அப்படி அழைத்தார்கள். அகநானூறு 149ஆம் பாட்டில் சேர நாட்டுத் துறைமுகமான முசிறிக்கு வரும் கலம் "பொன்னொடு வந்து கறியொடு பெயரும்" என்கிறது. கறி என்றால் மிளகு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த நான்கு சொல்லையும் வாசித்துப் பொருள் சொல்ல முடியும். அந்த முசிறி வணிகத்துக்காகக் கிரேக்க மொழியில் எழுதிய கி.பி. 2ஆம் நூற்றாண்டுக் கடன் ஒப்பந்தம் ஒன்று பாப்பிரஸ் தாளில் வியன்னாவில் இருக்கிறது. பாட்டு சொல்லும் 'பொன்'னுக்குச் சான்று உங்கள் பக்கத்திலேயே கிடைத்தது: 1898இல் புதுக்கோட்டைச் சீமையில் கறுக்காக்குறிச்சியில் 501 ரோமப் பொற்காசுகள். பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருக்கிறார்கள். கயிற்றில் இதற்கு 17ஆம் அடிக்குச் சற்று முன்னால் ஓர் அட்டை மாட்டலாம்.

கீழடி அருங்காட்சியகம் நம் சிவகங்கை மாவட்டத்திலேயே இருக்கிறது. 2023 மார்ச்சில் திறந்தது, கட்டடமும் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில்தான். போகும் முன் பிள்ளைக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள்: ஓட்டில் கீறிய பெயர்களைத் தேடுவது. 'ஆதன்', 'குவிரன்' என்று தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் இருக்கும். எல்லாவற்றையும் பார் என்று அனுப்பினால் எதையும் பார்க்காமல் திரும்புவார்கள். ஏதென்ஸில் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் இதே போல உடைந்த ஓட்டில் பெயர் கீறித்தான் ஒருவரைப் பத்தாண்டு நாடு கடத்த வாக்களித்தார்கள். குறைந்தது 6000 ஓடு விழ வேண்டும்.

திரும்பி வந்ததும் உடைந்த மண்பானை ஓடு ஒன்றை எடுத்து, விளிம்பைக் கல்லில் தேய்த்து மழுக்கிக் கொடுங்கள். உள்ளங்கை அகலமாவது இருக்கட்டும். ஆணியால் முதலில் தன் பெயரைத் தமிழியில் கீறட்டும், மறுபக்கம் கிரேக்க எழுத்தில். மெய்க்குத் தனி எழுத்து, உயிருக்குத் தனி எழுத்து என்று கிரேக்கம் பிரித்து எழுதும். நாம் உயிர்மெய்யாகச் சேர்த்து எழுதுகிறோம். 'குவிரன்' என்பதற்குத் தமிழியில் நான்கு எழுத்து, கிரேக்க முறையில் பிரித்தால் ஏழு. எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். ஓடு ஈரமாக இருந்தால் கீறல் பொரிந்துவிடும், வெயிலில் காய்ந்த ஓடாக எடுங்கள்.